நான்காம் நாள் டியூட்டி

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் தாமதமானதற்குச் சோம்பல் காரணமில்லை. இரண்டு முறை எழுதினேன். இரண்டையும் படித்துப் பார்த்தபோது, சாவு வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து தத்துவம் பேசும் பெரிய மனுஷனின் குரல் கேட்டது. கிழித்துப் போட்டுவிட்டேன். பெயரும் ஊரும் வெளியே தெரியக் கூடாது என்றீர்கள், தெரியாது. பத்திரிகையிலேயே பதில் எழுதலாமா என்று நான் கேட்டதற்கு, "எழுதுங்க சார், என்னை மாதிரி இங்க நிறைய பேர் இருப்பாங்க" என்றீர்கள். இருக்கிறார்கள்.

மற்ற வாசகர்களுக்காக உங்கள் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தர்மபுரி மாவட்டத்துக் கிராமம். ஏழு வருடமாக ஓசூர் சிப்காட்டில் பிரஸ் ஷாப் வேலை. அப்பா இல்லை. ஐ.டி.ஐ. முடித்த தம்பியை நீங்கள்தான் கூட்டிவந்து, உங்கள் ரூமிலேயே தங்கவைத்து, பக்கத்துக் கம்பெனியில் கான்ட்ராக்டில் சேர்த்துவிட்டீர்கள். நைட் ஷிப்ட் முடித்து பைக்கில் திரும்பிக்கொண்டிருந்தவனை நெடுஞ்சாலையில் ஒரு லாரி அடித்துவிட்டது. காலை ஆறரை மணி. ஊருக்குக் கொண்டுபோய் எடுத்தீர்கள். மூன்றாம் நாள் பால் ஊற்றினீர்கள். நான்காம் நாள் டியூட்டிக்கு வந்துவிட்டீர்கள். இப்போது நான்கு மாதம் ஆகிறது. "அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கல சார். அதுதான் தாங்க முடியல" என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்த வரியில் நான் வெகுநேரம் நின்றேன்.

ஓசூர் என்பதே கூட்டிவந்தவர்களின் ஊர். எழுபதுகளில் சிப்காட் வந்தது. பிறகு அசோக் லேலண்ட், டி.வி.எஸ்., டைட்டன் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ராகியும் ரோஜாவும் விளைந்த பூமிக்கு நாலா திசையிலிருந்தும் ஆள் வந்தது. தானாக வந்தவர்கள் குறைவு. மாமன் மச்சானைக் கூப்பிட்டான், மச்சான் பங்காளியைக் கூப்பிட்டான். 1984இல் என்னை இங்கே கூட்டிவந்தது என் சித்தப்பா மகன். நான் பதினொரு பேரைக் கூட்டிவந்திருக்கிறேன். ஏழு பேர் இங்கேயே வீடு கட்டிவிட்டார்கள். ஒருவனுக்கு இடது கையில் இரண்டு விரல் இல்லை. அந்த வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்தால் இன்றும் எனக்குச் சோறு சரியாக இறங்காது. அவன் என்னவோ என் இலையைப் பார்த்துப் பார்த்துத்தான் பரிமாறச் சொல்கிறான்.

அத்திப்பள்ளி உங்களுக்கு நினைவிருக்கும். 2023 அக்டோபர் 7, சனிக்கிழமை. ஜூஜூவாடி தாண்டினால் கர்நாடகம்; அங்கே நெடுஞ்சாலையோரப் பட்டாசுக் கடை ஒன்றில் லாரியிலிருந்து சரக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது தீப்பிடித்தது. முதலில் 14 பேர் என்றார்கள். தீக்காயத்தோடு மருத்துவமனையில் இருந்தவர்களிலும் சிலர் போய், எண்ணிக்கை பிறகு கூடியது. பெரும்பாலும் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். தீபாவளி சீசனுக்கு நாலு காசு பார்க்கலாம் என்று வந்தவர்கள். அவர்களில் மாணவர்களும் இருந்தார்கள். அரூர்ப் பக்கத்து அம்மாபேட்டை என்ற ஒரே ஊரிலிருந்து மட்டும் பல பேர். அந்த வருடத் தீபாவளி நவம்பர் 12. அந்தத் தெருக்களில் முப்பதாம் நாள் காரியம் முடிந்த ஈரம்கூடக் காயாத நேரத்தில் ஊரெல்லாம் வெடிச் சத்தம். அத்திப்பள்ளித் தீக்குப் பத்து வாரம் முன்னால்தான், ஜூலை 29ஆம் தேதி, கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் குடோன் வெடித்து 9 பேர் போயிருந்தார்கள்.

இரண்டு அரசுகளும் நிவாரணம் அறிவித்தன, வழக்குப் போட்டார்கள், அதிகாரிகள் மேல் நடவடிக்கை எடுத்தார்கள். அது நடக்க வேண்டியதுதான். ஆனால் ஒரே ஊரிலிருந்து பல பிள்ளைகள் போகிறார்கள் என்றால், "லீவுதானே, வாடா" என்று முதலில் சொன்ன ஒருவன் இருந்திருப்பான். அவனும் போயிருந்தால் அவன் அம்மா அந்தத் தெருவில் தலைநிமிர்ந்து நடந்திருப்பாளா? பிழைத்திருந்தால் அவன் எப்படித் தூங்குவான்? இவர்களுக்கு எந்த நிவாரணத்திலும் தலைப்பு கிடையாது. நீங்கள் அந்தத் தலைப்பில்லாதவர்களில் ஒருவர்.

"உன் தப்பு ஒண்ணுமில்ல" என்று ரூமில் எல்லோரும் சொல்லியிருப்பார்கள். நான் சொல்லப் போவதில்லை. நீங்கள் நம்பமாட்டீர்கள். எனக்குத் தோன்றுவது வேறு. பழியை நம் தலையில் போட்டுக்கொண்டால் நடந்ததற்கு ஒரு காரணமாவது கிடைக்கிறது. "நான் கூட்டிவராமல் இருந்திருந்தால்" என்று ஆரம்பித்தால் அந்தக் கதையில் தம்பி கடைசியில் உயிரோடு இருக்கிறான். லாரி, தூக்கக் கலக்கம், பன்னிரண்டு மணி நேர வேலை, விளக்கில்லாத வளைவு என்று யோசித்தால் எங்கேயும் நம் கை இல்லை, எதையும் நாம் தடுத்திருக்க முடியாது. இரண்டில் எது அதிகம் பயமுறுத்துகிறது? எனக்கு இரண்டாவதுதான். மனசு குற்ற உணர்ச்சியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்பது அதனால்தான் என்று நினைக்கிறேன். அதைப் பிடுங்கி எறியச் சொல்லவில்லை. அது எதற்காக உங்களிடம் உட்கார்ந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், போதும்.

என் கதை ஒன்று. என் ஊர் திருக்கோவிலூர்ப் பக்கம். 1991 சித்திரை வெயிலில் அப்பா போனார். தந்தி கம்பெனி கேட்டுக்குக் காலை பதினொரு மணிக்கே வந்துவிட்டது. லைன் நின்றுவிடும் என்று அதை யாரோ மேஜை டிராயரில் போட்டுவைத்திருந்து, ஷிப்ட் முடிந்ததும் மூன்று மணிக்குக் கையில் கொடுத்தார்கள். கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை என்று பஸ் மாறிப் போய் இறங்கியபோது இரவு பத்து மணி. பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட்டிருந்தார்கள். அந்த நாலு மணி நேரம் இருந்திருந்தால் முகம் பார்த்திருப்பேன். அந்த டிராயரைப் பற்றி எத்தனை வருடம் கனவு கண்டிருக்கிறேன் தெரியுமா? கனவில் நான் அதைத் திறப்பேன், உள்ளே வெல்டிங் கண்ணாடியும் பீடிக்கட்டும் இருக்கும். 2013இல் தந்திச் சேவையே நாட்டில் நின்றுபோயிற்று. என் கனவு அதற்குப் பிறகும் வந்தது.

முகம் பார்க்காத துக்கம் ஆற எனக்கு ரொம்ப நாள் பிடித்தது. ஒருநாள் கெலவரப்பள்ளி அணைப் பக்கம் போயிருந்தபோது சும்மா ஒரு எண்ணம் வந்தது. இந்தத் தென்பெண்ணைதான் நந்தி மலையில் பிறந்து, ஓசூருக்குள் நுழைந்து, கிருஷ்ணகிரி, சாத்தனூர் எல்லாம் தாண்டித் திருக்கோவிலூர் போகிறது. அப்பாவை எரித்த கரை அந்த ஆற்றங்கரை. அன்றிலிருந்து அவர் திதிக்கு ஊருக்குப் போக முடியாத வருடங்களில் நான் அணைக்குப் போய்விடுவேன். பெங்களூரின் கழிவெல்லாம் சேர்ந்து தண்ணீர் சில நாள் நுரைத்துக் கிடக்கும், நாற்றம் வேறு. அப்பா இருந்திருந்தால் ஆற்றுக்கு இப்படிச் செய்தவனைத்தான் முதலில் திட்டியிருப்பார். பரவாயில்லை. எனக்கு அது ஒரு இடம், வருடத்தில் அது ஒரு நாள். மற்ற நாட்களில் அவர் என்னை விட்டுவிடுகிறார்.

நான் சொல்ல வந்தது இதுதான். துக்கம் இடமும் நாளும் கேட்கிறது. கொடுக்காவிட்டால் அது எல்லா இடத்தையும் எல்லா நாளையும் எடுத்துக்கொள்ளும். நம் முன்னோர் மூன்றாம் நாள், பதினாறாம் நாள், முப்பது, வருஷம் என்று வைத்ததை வெறும் சாஸ்திரம் என்று நானும் இளமையில் தொழிற்சங்க மேடையில் பேசியிருக்கிறேன். இப்போது அப்படிப் பேசமாட்டேன். அந்தப் பதினாறு நாளும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டியதில்லை, சம்பந்தி வீட்டிலிருந்து சோறு வரும். வருகிற ஒவ்வொருவரிடமும் நடந்ததை முதலிலிருந்து சொல்ல வேண்டும். நாற்பது தடவை சொன்னபின் அந்தக் கதை தொண்டையை அடைப்பதைக் கொஞ்சம் நிறுத்தும். உங்களுக்கு அந்தப் பதினாறு நாளில் கிடைத்தது முதல் மூன்றும் கடைசி ஒன்றும். மீதிப் பன்னிரண்டு நாள் பிரஸ் மெஷினுக்கு முன்னால் போயிற்று. தொழிலாளர் சட்டத்தில் இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பள விடுப்பு என்ற கணக்கு உண்டு, துக்கத்துக்கென்று விடுப்பு கிடையாது. ஓசூரில் ஊதிய ஒப்பந்தம் பேசும் சங்கங்கள் ஷூவுக்கும் சீருடைக்கும் மல்லுக்கட்டும் நேரத்தில் இதையும் ஒரு வரி சேர்த்துக் கேட்கலாம். கேட்டதாக என் காதுக்கு வந்ததில்லை.

இன்னொன்று, மெஷின். தூக்கம் வருவதில்லை, ஆறரை மணிக்கு பைக் சத்தம் கேட்டால் கை நடுங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியிருக்கும் மனிதன் பிரஸ்ஸில் நிற்கக் கூடாது. சூப்பர்வைசரிடம் வெட்கப்படாமல் சொல்லி இரண்டு மாதம் பேக்கிங்கோ ஸ்டோர்ஸோ கேளுங்கள். கொடுக்காவிட்டால் சங்கத்திடம் போங்கள். விரல் போனவனைக் கூட்டிவந்தவன் சொல்கிறேன்.

ஓசூரில் மூன்று மொழி. என் வீட்டுக்காரம்மா போனபோது எங்கள் தெருவே வந்தது. இடப்பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மா "ஏடவொத்து" என்றார். எதிர்வீட்டுக் கன்னடக்காரர் "அளபேட" என்றார். நம்மவர்கள் "அழாதீங்க" என்றார்கள். மூன்றுக்கும் ஒரே அர்த்தம். இத்தனை அன்பான மனிதர்கள் ஏன் முதலில் இதையே சொல்கிறார்கள்? நாம் அழுவது அவர்களுக்குத் தாங்கவில்லை, அவ்வளவுதான். பழைய கிராமத்தில் இதற்கு நேர் எதிரான ஏற்பாடு இருந்தது. ஒப்பாரி பாடும் கிழவி வந்து உட்கார்ந்தால் அழாதவரையும் அழவைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். அதுவே அவள் வேலை, அதற்கு அவளுக்கு மரியாதை. ஆனால் அங்கேயும் ஆண்களுக்கு வழியில்லை. ஆம்பளை பந்தல் போட வேண்டும், பாடைக்கு மூங்கில் வெட்ட வேண்டும், யார் யாருக்குச் சொல்லியாயிற்று என்று பார்க்க வேண்டும். தம்பியின் கொள்ளிக்குடம் தூக்கியவர் நீங்கள். அதற்கு நடுவில் எங்கே அழுதிருப்பீர்கள்? நீங்கள் எழுதாவிட்டாலும் ஊகிக்கிறேன், குளியலறையில். ஐந்து பேர் தங்கும் ரூமில் கதவு உள்ள இடம் அது ஒன்றுதானே.

அழுது தீர்க்க வழியில்லாதவர்களுக்கு அரசாங்கக் கடை ஒன்று வழி காட்டுகிறது. அதைப் பற்றி உங்களுக்கு உபதேசம் செய்ய மாட்டேன். அது தூக்கத்தைக் கொடுப்பதுபோல் கொடுத்து, நடுராத்திரி மூன்று மணிக்கு எழுப்பிவிடும் என்பது மட்டும் என் அனுபவம்.

துக்கத்தைச் சொல்லித்தர நம் பக்கத்திலேயே ஒரு நல்ல ஆசிரியர் இருந்திருக்கிறார். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல்தான். அதற்கு முன் எல்லாம் தர்மபுரி, அதாவது பழைய தகடூர், அதியமான் ஊர். அதியமான் நெடுமான் அஞ்சி போரில் இறந்தபோது ஔவையார் பாடிய பாட்டுகள் புறநானூற்றில் இருக்கின்றன. கையறுநிலை என்று அதற்குத் துறைப் பெயர். கை அற்றுப்போன நிலை, செய்ய ஒன்றுமில்லாத நிலை. ஒரு பாட்டில் அவர் அவன் வீரத்தைப் பெரிதாகப் பேசவே இல்லை. கள் கொஞ்சமாக இருந்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறைய இருந்தால் எங்களைப் பாடவைத்து மகிழ்ந்து தானும் குடிப்பான் என்று தொடங்கி, சோறு, எலும்பும் கறியும் உள்ள இடம் என்று சின்னச் சின்ன விஷயமாக அடுக்கிக்கொண்டே போகிறார். கடைசியில்தான் அவன் மார்பில் தைத்த வேல் வருகிறது. இன்னொரு பாட்டில், நாட்டையே கொடுத்தாலும் வாங்காதவன், நடுகல்லுக்கு முன் சிறு கலயத்தில் ஊற்றும் கள்ளையா வாங்கிக்கொள்வான் என்று கேட்கிறார். இரண்டாயிரம் வருடம் கழித்தும் அந்தக் கேள்வி எனக்கு அடிவயிற்றில் விழுகிறது. படத்துக்கு முன் தம்பிக்குப் பிடித்த பரோட்டாவை வைத்துவிட்டு உங்கள் அம்மா கேட்ட கேள்வியும் கிட்டத்தட்ட அதுதானே?

நடுகற்களை இங்கே தேடிப் போக வேண்டாம். கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கின்றன. வெளியே வயல்வரப்பில் நிற்பவை பல. ஆநிரை மீட்கப் போய்ச் செத்த இளைஞர்கள். பேர் மறந்துபோய், வேடியப்பன் என்று சாமியாகவே ஆகிவிட்டவர்கள் உண்டு. உங்கள் ஊரிலும் வேடியப்பன் கோயில் இருக்கும், வேடியப்பன் என்று பெயருள்ள ஒரு சிநேகிதனும் இருப்பான். கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் மல்லச்சந்திரம் மலைமேல் அதற்கும் மூத்த கற்திட்டைகள் இருக்கின்றன, இரும்புக் காலத்து ஈமச்சின்னங்கள். பலகைக் கல் நிறுத்தி, மேலே மூடுகல் வைத்து, செத்தவர்களுக்குக் கட்டிய வீடு. அந்தக் கல்லை மேலே ஏற்ற எத்தனை பேர் எத்தனை நாள் சேர்ந்து உழைத்திருக்க வேண்டும்! ஒரு நாள் லீவு இருந்தால் போய்ப் பாருங்கள். இந்த வட்டாரத்தில் உயிரோடு இருந்தவர்களின் வீடு ஒன்றுகூட அந்தக் காலத்திலிருந்து நிற்கவில்லை, போனவர்களுக்குக் கட்டியது நிற்கிறது.

நமக்கு ஃப்ளெக்ஸ்தான். 'கண்ணீர் அஞ்சலி', 'எங்களை விட்டுப் பிரிந்த', கூலிங்கிளாஸ் போட்ட படம், கீழே நண்பர்களின் தலைகள். மூன்றாம் மாதம் அதுவே யாரோ ஒருவர் மாட்டுக் கொட்டகைக்குக் கூரையாகிவிடும். கேலி செய்யவில்லை. தம்பியின் சிநேகிதர்கள் தலைக்கு இருநூறு போட்டு வைத்த ஃப்ளெக்ஸ் அது. அவர்களுக்கு வேறு என்ன செய்யத் தெரியும்?

என் ஊர் ஆற்றின் நடுவில் கபிலர் குன்று என்று ஒரு பாறை இருக்கிறது. நண்பன் பாரி போனபின் நான் எதற்கு என்று கபிலர் உயிரை விட்ட இடம் அது என்பார்கள். பட்டிமன்றங்களில் அதை நட்பின் சிகரம் என்று கை தட்டுகிறார்கள். சிறுவயதில் நானும் தட்டினேன். இப்போது எனக்கு ஔவையார்தான். பாட்டாகக் கொட்டித் தீர்த்தவர். இதை ஏன் சொல்கிறேன் என்றால், உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் "நான் இருந்து என்ன சார்" என்று ஒரு வரி இருக்கிறது. சாதாரணமாக எழுதிய வரியா, இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் நேராகவே கேட்கிறேன்: சாக வேண்டும் என்று எண்ணம் வருகிறதா? வந்தால் இந்தக் கடிதத்தை இங்கேயே மடித்து வைத்துவிட்டு 14416க்குப் பேசுங்கள். டெலி மானஸ் என்ற அரசு எண், காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள், இரவு இரண்டு மணிக்கும் எடுப்பார்கள். பிறகு ரூமில் ஒருவனிடமாவது சொல்லிவையுங்கள்.

வாட்ஸ்அப்பில் வந்தது என்று நீங்கள் கேட்ட 'துக்கத்தின் ஐந்து படிகள்' பற்றி ஒரு வார்த்தை. மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு. நான்கு மாதமாகியும் முதல் படியிலேயே நிற்கிறேனே என்று கவலைப்பட்டிருக்கிறீர்கள். எலிசபெத் கூப்ளர் ராஸ் என்ற மருத்துவர் 1969இல் வெளியிட்ட புத்தகத்திலிருந்து வந்தது அது. அவர் பேசிக் கேட்டது சாகப்போகும் நோயாளிகளிடம். பறிகொடுத்துவிட்டு நிற்பவர்களுக்கு என்று செய்த ஏணி அல்ல. நீங்கள் எந்தப் படியிலும் நிற்கவில்லை, அதனால் எதிலும் பின்தங்கவும் இல்லை. எனக்குப் பொருத்தமாகத் தோன்றியது நெதர்லாந்தின் மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹென்க் ஷூட் இருவரும் 1999இல் எழுதியது. துக்கப்படுகிறவர் இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டே இருப்பார் என்கிறார்கள். கொஞ்ச நேரம் இழப்போடு இருப்பார், கொஞ்ச நேரம் வாடகை, சம்பளம், மாற்றவேண்டிய பைக் செயின் என்று பிழைப்போடு இருப்பார். நம் பாஷையில் சொன்னால் ஷிப்ட். ஒரே ஷிப்டில் நிரந்தரமாக நின்றால்தான் உடம்பு கெடும். ஒருநாள் கேண்டீனில் ஒரு ஜோக்குக்குச் சிரித்துவிட்டு, பிறகு பிளேட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து போனீர்களாமே. சாப்பிட்டிருக்கலாம். சிரிப்பில் தம்பிக்குத் துரோகம் ஒன்றுமில்லை.

மறக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். இன்றைக்கு மறக்கச் சொல்கிற மருத்துவரும் குறைவு.

ஆனால் ஒரு கணக்கு உண்டு. வருடம் திரும்பியும் தினமும் அதே கனத்தோடு இருந்தால், வேலைக்குப் போக முடியாமல், யாரோடும் ஒட்டாமல், அவன் இல்லை என்பதே நம்ப முடியாமல் இருந்தால், அதற்கு இப்போது மருத்துவத்தில் தனிப் பெயரே வைத்துச் சிகிச்சை தருகிறார்கள். 2022இல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் அது சேர்ந்தது. பெரியவர்களுக்கு ஒரு வருடம் என்று அங்கே எல்லை. உலக சுகாதார நிறுவனம் ஆறு மாதத்திலேயே பார்க்கச் சொல்கிறது. எல்லை வரும்வரை காத்திருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. தூக்கம் இவ்வளவு கெட்டிருக்கும்போது இப்போதே ஓசூர் அரசு மருத்துவமனையில் கேட்கலாம். நிம்ஹான்ஸும் தூரமில்லை. பெங்களூரில் அது இருக்கும் சாலைக்குப் பெயரே ஓசூர் சாலை. பைத்தியக்கார ஆஸ்பத்திரி என்று நம் ஊரில் பேசுவதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அந்த வரிசையில் நிற்பவர்கள் உங்களையும் என்னையும் போன்றவர்கள். நின்றவன் சொல்கிறேன்.

காசு விஷயம் பேசுவது அசிங்கம் என்று நினைக்காதீர்கள். அம்மாவுக்காகப் பேசியே ஆக வேண்டும். தம்பிக்கு இ.எஸ்.ஐ. பிடித்திருந்தால், வேலைக்கு வரும் வழியிலோ போகும் வழியிலோ நடந்த விபத்தையும் வேலையோடு தொடர்புள்ள விபத்தாகவே பார்க்க 2010இல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். அவன் சம்பளத்தை நம்பியிருந்த தாய்க்கு மாதாமாதம் ஒரு தொகை வர வழி உண்டு. பி.எஃப். பிடித்திருந்தால் அதோடு சேர்ந்த இன்சூரன்ஸ் ஏழு லட்சம் வரை கிடைக்கும். கான்ட்ராக்டர் "அதெல்லாம் இல்லப்பா" என்றால் நம்பாமல், சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ., பி.எஃப். எண் இருக்கிறதா என்று பாருங்கள். லாரி மேல் வழக்குக்கு, 2019இல் வந்த திருத்தப்படி, ஆறு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும். உங்களுக்கு நான்கு மாதம் போய்விட்டது. இந்த வாரமே ஒரு வக்கீலைப் பாருங்கள். "தம்பி உசுருக்கு விலையா சார்" என்பீர்கள். விலை இல்லை. அவன் இருந்தால் மாதம் அம்மாவுக்கு அனுப்பியிருக்கும் எட்டாயிரம் அது, அவ்வளவுதான். தாலுகா ஆபீஸிலும் ரேஷன் கடையிலும் பெயர் நீக்கச் சொல்வார்கள். தனியாகப் போகாதீர்கள். என் மனைவியின் பெயரைக் குடும்ப அட்டையிலிருந்து எடுக்கப் போனபோது, கணினியில் அந்தப் பையன் ஒரு பொத்தானை அழுத்திவிட்டு "முடிஞ்சுது சார்" என்றான். சுடுகாட்டில் வராத அழுகை எனக்கு அங்கே வந்தது.

கடைசியாக அம்மா. அவர் உங்களை ஒன்றும் கேட்காததை நீங்கள் தீர்ப்பு என்று படித்துவிட்டீர்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. இருக்கும் ஒரு மகனும் உடைந்துவிடுவானோ என்று அவர் வாயை மூடியிருக்கலாம். அம்மா உடைந்துவிடுவாளோ என்று நீங்கள் மூடியிருப்பதுபோல. பதினாறாம் நாளுக்கு ஒரு நாள் போய்விட்டு ராத்திரி பஸ்ஸிலேயே திரும்பியிருக்கிறீர்கள். இந்த முறை இரண்டு நாளாவது லீவு போட்டுப் போங்கள். அடுப்பங்கரையில் போய் உட்காருங்கள். "நான்தானேம்மா கூட்டிட்டுப் போனேன்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள். பிறகு அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ளுங்கள். திட்டினாலும் சரி. இதைச் சொல்ல எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது, உங்கள் அம்மாவை எனக்குத் தெரியாது. ஆனால் இருவரும் தனித்தனியே சுமப்பதை விடக் கெடுதலாக ஒன்றும் நடந்துவிடாது.

உங்கள் ரூம் நண்பர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். தம்பியின் பாயைச் சுருட்டிப் பரண்மேல் போட்டது நல்லெண்ணத்தில்தான். ஆனால் அவன் பேச்சே எடுக்கக் கூடாது என்று நீங்களாக வைத்துக்கொண்ட சட்டத்தை விட்டுவிடுங்கள். ஒரு ஷிப்ட் மாற்றிக் கொடுங்கள், காலை ஆறரைக்கு யாராவது ஒருவர் உங்கள் நண்பரோடு டீக்கடைவரை நடந்து போங்கள்.

நண்பரே, உங்கள் கடிதம் நான்கு பக்கம். லாரியின் நிறம் இருக்கிறது, ஹெல்மெட் எந்தப் பக்கம் உடைந்தது என்று இருக்கிறது, போஸ்ட்மார்ட்டத்துக்கு எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று இருக்கிறது. தம்பியைப் பற்றி இரண்டே வரி: பரோட்டா பிடிக்கும் என்று ஒன்று, ரூமில் ஃபேனை ஐந்திலேயே வைத்து எல்லோரிடமும் திட்டு வாங்குவான் என்று ஒன்று. இன்னொரு கடிதம் எழுதுங்கள். லாரி வேண்டாம். அவன் எப்படிச் சிரிப்பான், முதல் சம்பளத்தில் என்ன வாங்கினான், அம்மாவிடம் போனில் என்ன பொய் சொல்வான், எந்த ஹீரோவுக்காக யாரோடு சண்டை போட்டான், எல்லாம் எழுதுங்கள். அச்சில் போட மாட்டேன், எனக்கு மட்டும். நான்கு பக்கத்திலும் 'தம்பி' என்றே எழுதியிருக்கிறீர்கள். அடுத்ததில் அவன் பெயரை எழுதுங்கள்.

அன்புடன்,
ஓசூரிலிருந்து உங்கள் நண்பன்